கத்தரிக்கோல் பிடிக்கிற பிள்ளைக்கு நிறுவல் வராதா?

ஏப்ரல் 28, இரவு 9.15 (கேள்வி: தெஹிவளையிலிருந்து ஒரு தகப்பன்)

மகன் தரம் 10. போன கிழமை ஒரு வகுப்பில் படிவம் ஒன்று குடுத்து நிரப்பச் சொன்னவை. முடிவில் இவன் ‘செயல்வழிக் கற்பவன்’ என்று வந்திருக்கிறது. பார்வைவழிப் பிள்ளைகளுக்குத்தான் கேத்திரகணிதத்தில் சொந்தமாக யோசிக்க வருமாம். இவன் தேற்றங்களையும் பாஸ்ட் பேப்பர் நிறுவல்களையும் பாடமாக்கினால் போதுமாம். பிள்ளை அந்தத் தாளைப் படிக்கிற மேசையில் ஒட்டி வைத்திருக்கிறான். இதில் எவ்வளவு உண்மை?

ஏப்ரல் 28, இரவு 10.02

முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். மிச்சம் நாளைக்கு.

ஏப்ரல் 29, காலை 6.40

கிழிக்கச் சொன்னது கோபத்தில். கிழிக்க வேண்டாம், பின்பக்கம் வெறுமையாக இருந்தால் படம் கீறப் பாவிக்கலாம்.

நான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னம் பதினொரு வருடம் கட்டட வரைபடம் கீறுகிற வேலை. கல்வியியல் படித்தவள் இல்லை. ஆனால் இந்தக் கற்றல் பாணிக் கதை என் வாசலுக்கும் வந்து பல வருடம். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார், ‘இவவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது’ என்கிற மாதிரி ‘இவ விஷுவல், மிஸ்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்தப் படிவங்களில் பிரபலமானது நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உண்டாக்கியது. பார்வை, செவி, வாசிப்பும் எழுத்தும், செயல் என்று நாலு. 1992 இல் அவரும் மில்ஸும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது இன்னொரு அளவுப் பட்டியல் இல்லை, தன்னைப் பற்றி யோசிக்க ஒரு தூண்டுதல் என்ற கருத்தில்தான் இருக்கிறது. தூண்டுதலாக வந்தது நம்மிடம் வந்து சேரும்போது சாதகக் குறிப்பாகிவிட்டது. 1984 இல் டேவிட் கோல்ப் எழுதிய வேறொரு நாலு வகையும் உண்டு. 2004 இல் இங்கிலாந்தில் கோஃபீல்டும் கூட்டாளிகளும் தேடிப் பார்த்தபோது 71 பாணிகள் அகப்பட்டன. ஒரு பிள்ளைக்கு 71 பாணி!

2008 இல் அமெரிக்காவில் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் ஒரு நேர்மையான கேள்வி கேட்டார்கள். பார்வைவழிப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் படத்தாலும் மற்றப் பாதிக்குப் பேச்சாலும் படிப்பியுங்கள். செவிவழிப் பிள்ளைகளுக்கும் அப்படியே. கடைசியில் எல்லாருக்கும் ஒரே சோதனை. தங்கள் பாணியில் படித்தவர்கள் இரண்டு பக்கத்திலும் முந்த வேண்டும். முந்தினால் கதை உண்மை. இந்த மாதிரி ஒழுங்காகச் செய்த ஆய்வுகளே சில. அவற்றிலும் பல, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று காட்டின. பிள்ளைகளுக்கு விருப்பம் இருப்பது பொய்யில்லை. விருப்பத்துக்கு ஏற்றபடி படிப்பித்தால் கூட விளங்கும் என்பதற்குத்தான் ஆதாரம் காணாது.

நானும் ஒரு படிவம் நிரப்பிப் பார்த்தேன். காலையில் ‘வாசிப்பும் எழுத்தும்’. மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு நிரப்பியபோது ‘செயல்’. எனக்கு அந்த நேரம் தெரிந்த ஒரே செயல் நித்திரை.

ஏப்ரல் 29, இரவு 8.30

திருத்தம். 71 என்பது பாணிகள் இல்லை, பாணிகளை வகைப்படுத்துகிற மாதிரிகள். அதாவது 71 பேர் 71 விதமாகப் பெட்டி செய்திருக்கிறார்கள். அவற்றில் 13 ஐத்தான் விரிவாக ஆராய்ந்தார்கள். காலையில் பஸ்ஸுக்கு அவசரம்.

மே 1

‘சொந்தமாக யோசிக்கிறது என்றால் என்ன, கணிதத்தில் விடை ஒன்றுதானே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விடை ஒன்று, வழி பல. அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்ட் 1950 இல், தன் துறைக்காரர்கள் ஆக்கச் சிந்தனையைக் கவனிக்காமல் விட்டதைக் குறைகூறிப் பேசினார். 1966 இல் டொரன்ஸ் அதற்குச் சோதனைகளே செய்தார். கணிதத்துக்கு 1997 இல் கணிதக் கல்வி ஆய்வாளர் எட்வர்ட் சில்வர் அதை மூன்றாகக் குறுக்கினார். என் கொப்பியில் நான் எழுதி வைத்திருப்பது: எத்தனை வழி, எத்தனை விதமான வழி, எவ்வளவு புதுசு. ஒரே வழியைப் பத்துத் தரம் எழுத்து மாற்றி எழுதினால் அது பத்து வழி இல்லை.

என் வகுப்பில் இதற்கு நான் வைக்கிற உரைகல் ஒன்று உண்டு. எந்த நாற்பக்கலையும் எடுங்கள். நாலு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணையுங்கள். உள்ளே வருவது இணைகரம். எவ்வளவு கோணலான நாற்பக்கலாக இருந்தாலும். பியர் வரிஞோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது, அவர் இறந்த பிறகு 1731 இல் அச்சானது. நடுப்புள்ளித் தேற்றம் (முக்கோணியில் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கிற கோடு மூன்றாம் பக்கத்துக்குச் சமாந்தரம், அதில் பாதி) படித்த பிள்ளைக்கு இரண்டு வரி வேலை. ஆனால் அந்த இரண்டு வரிக்கு முன்னால் கேள்வியில் இல்லாத ஒரு கோட்டைப் பிள்ளை தானாகப் போட வேண்டும். மூலைவிட்டம். அந்தக் கோட்டை யாரும் கேட்கவில்லை, தரவில் இல்லை, படத்தில் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் முழுக் கதையும்.

இன்னுமொன்று: உள்ளே வருகிற இணைகரம் முழு உருவத்தில் சரிபாதிப் பரப்பு. உங்கள் மகனுக்குக் கத்தரிக்கோலைக் குடுங்கள். மூலைகளில் மிஞ்சுகிற நாலு முக்கோணிகளையும் வெட்டி, ஒவ்வொன்றையும் அரைச்சுற்று திருப்பி உள்ளே வைத்தால் இணைகரத்தை அச்சொட்டாக மூடும். வகுப்பில் பலதரம் செய்து காட்டியிருக்கிறேன்.

மே 2, மத்தியானம்

‘பார்வைவழிப் பிள்ளைக்குக் கேத்திரகணிதம் சுகம்’ என்ற பகுதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒல்லாந்தில் பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்று ஒரு ஆசிரியத் தம்பதி. இரண்டு பேரும் 1957 இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு சமர்ப்பித்தவர்கள். கேத்திரகணிதத்தில் பிள்ளை ஏறுகிற படிகளைச் சொன்னார்கள். ஆகக் கீழ்ப்படி, உருவத்தை அதன் மொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்பது. சதுரத்தை மூலையில் நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு அது சதுரம் இல்லை, பட்டம். பிறகுதான் பண்புகள், அதற்கு மேலே பண்புகளுக்குள் உறவு, அதற்கும் மேலே நிறுவல். ஆகவே ‘படம் பார்த்தால் பிடித்துக்கொள்வான்’ என்பது ஏணியின் அடிக்காலாகவும் இருக்கலாம். என்னிடம் வந்த சில ‘விஷுவல்’ பிள்ளைகள் அழகாகக் கீறுவார்கள். கீறிய படத்தைப் பார்த்து, ‘சமம் மாதிரித் தெரியுது’ என்று காரணமும் எழுதுவார்கள்.

உளவியலாளர் மாக்ஸ் வேர்தைமர் சொன்ன ஒரு வகுப்பறைச் சம்பவம். அவர் இறந்து 1945 இல் வெளிவந்தது. இணைகரத்தின் பரப்புக்கு மேலிருந்து செங்குத்து விழுத்தப் பழகிய பிள்ளைகள். அவர் எழும்பிப்போய் அதே இணைகரத்தைச் சுழற்றி நிறுத்திக் கீறினார். ‘இது இன்னும் எங்களுக்குப் படிப்பிக்கேல்லை’ என்று ஒரு பிள்ளை. பாடமே படிக்காத இன்னொரு சின்னப்பிள்ளை, கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்த மூலையை வெட்டி மற்றப் பக்கம் ஒட்டிச் செவ்வகமாக்கியது.

அலுவலகத்தில் எனக்கு மூத்த வரைபடக்காரர் ஒருவர் இருந்தார். மாடிப்படி ஒன்று எங்கேயோ இடிக்கும், எங்கே என்று பிடிபடாது. அவர் வந்து ஒன்றும் சொல்லாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஐந்து நிமிடத்தில் பிழை தெரியும். இதை நான் பிள்ளைகளுக்கு அப்படியே செய்கிறேன். தேத்தண்ணி உட்பட.

மே 4

2022 ஞாபகம் இருக்கிறதா? மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. எங்கள் பிளாட்டில் நாலாம் மாடிக்கு லிப்ட் இல்லை, தண்ணீர் ஏறாது, பிள்ளைகள் மட்டும் எப்படியோ ஏறி வந்துவிடுவார்கள். மெழுகுதிரி ஒன்றைச் சுற்றி ஐந்து தலை, கொப்பியில் நிழல்தான் விழும். ஒருநாள் அலுத்துப்போய், ‘பென்சிலை வையுங்கோ, வாயால கீறுவம்’ என்றேன்.

விதி இதுதான்: ஒருவர் படத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்டு மனதில் வைத்திருக்க வேண்டும். கைக்கு வேலையில்லை. கவராயத்தை உறையிலிருந்து எடுக்காமலே வட்டம் கீறிய முதல் நாள். மிக நேர்த்தியாகக் கீறுகிற பிள்ளை மூன்றாவது கோட்டில் தொலைந்துபோனாள், அழுகிற அளவுக்கு. படம் கீறினால் காக்கைக் கூடு மாதிரி இருக்கும் இன்னொருத்திக்குத்தான் அன்று யோகம். ஒரே துண்டக் கோணங்கள் (ஒரு நாணை அதே பக்கத்து வில்லில் நின்று பார்க்கிற கோணங்கள்) ஏன் சமம் என்று நான் இழுத்துக்கொண்டிருக்க அவள் சொன்னாள்: ‘மிஸ், நாண் எண்டு சொல்லாதைங்கோ. கடல்ல கப்பல் ஒண்டு நிக்குது எண்டு சொல்லுங்கோ. வட்டத்தில எங்க நிண்டு பாத்தாலும் அந்தக் கப்பல் ஒரே அகலமாத் தெரியும்.’

யன்னலுக்கு வெளியே உண்மையாகவே துறைமுகத்துக்குக் காத்திருக்கிற கப்பல் வெளிச்சங்கள் தெரிந்தன. ஊரில் அன்று வெளிச்சம் இருந்தது அங்கே மட்டும்தான். அவள் சொன்னது நிறுவல் இல்லை, தெரியும். ஆனால் அந்த இருட்டில் இருந்த ஐந்து பேரும் அந்தத் தேற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள். நான் மறக்கவில்லை.

அதன் பிறகு அவளுக்கு நான் என்ன செய்தேன்? ‘நீ செவிவழி’ என்று பேர் வைத்து ஆறு மாதம் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிக்கொடுத்தேன். பெட்டியைத் திட்டுகிற நானே பெட்டி செய்தேன். இதை ஏப்ரல் 29 குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மனம் வரவில்லை. ஆறு மாதத்தில் அவள் நன்றாகக் கதைத்தாள். எழுதினால் நிறுவல் நடுவில் அறுந்தது. கப்பல் மாதிரி இன்னொன்று வரவேயில்லை.

மே 5

‘கண்ணில்லாமல் கேத்திரகணிதமா’ என்று சிரித்தவருக்கு. பெர்னார்ட் மோரான், பிரெஞ்சுக் கணிதவியலாளர், ஆறு வயதில் பார்வை போனது. ஒரு கோளத்தைக் கிழிக்காமலும் கூராக மடிக்காமலும் (தன்னைத் தானே ஊடுருவ விட்டு) உள்பக்கத்தை வெளிப்பக்கமாகப் புரட்டலாம் என்பதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர். களிமண்ணில் மாதிரிகள் செய்வார். ரஷ்யக் கணிதவியலாளர் பொந்த்ரியாகினுக்கு 14 வயதில் ஸ்டவ் வெடித்துப் பார்வை போனது. தாய் தத்தியானா கணிதம் படித்தவர் இல்லை. குறியீடுகளுக்குத் தானே பேர் வைத்து மகனுக்குப் புத்தகம் புத்தகமாக வாசித்துக்காட்டினார். படிவம் குடுத்திருந்தால் இவர்களுக்கு எந்தப் பெட்டி?

மே 5, சற்றுப் பிந்தி

கொட்டாஞ்சேனை நண்பர் எழுதியது சரி: முந்நூறு பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் அடைத்து மைக் பிடித்துப் படிப்பிக்கிற இடத்தில் எல்லாரும் செவிவழிதான். பின்வரிசை மட்டும் செயல்வழி.

மே 12, வெசாக்

கீழ்மாடிப் பிள்ளைகள் வெளிச்சக்கூடு கட்டினார்கள். என் வகுப்புப் பெடியன் ஒருவனும் போய்ச் சேர்ந்துகொண்டான். ஒரே நீளத்தில் 24 மூங்கில் குச்சி. நாலு நாலாக 6 சதுரம். பிறகு மூலைக்கு மூலை நூலால் கட்டித் தூக்கினால், சதுரங்களுக்கு இடையில் 8 முக்கோணி தானாக வந்து நிற்கிறது. முக்கோணிக்கென்று ஒரு குச்சிகூட வெட்டவில்லை. பெடியன் ரிசூக் கடதாசி ஒட்டாமல் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ‘மிஸ், நாங்க முக்கோணி செய்யேல்லை, ஆனா இருக்குது.’

மூலைவிட்டமும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பண்டிகை நாளில் பாடம் எடுக்கிற ரீச்சர் யாருக்கும் வேண்டாம்.

மே 18, இரவு 11.20

மே 1 ஆம் திகதி நான் எழுதிய கத்தரிக்கோல் வழி பிழை. எனக்குத் தூக்கம் வராததால் இப்பவே எழுதுகிறேன்.

கூடு கட்டிய அதே பெடியன். தரம் 11. அவனுக்கும் ஒரு இடத்தில் ‘செயல்வழி’ முத்திரை குத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு வகுப்பில் பழைய கலண்டர் மட்டையில் நாற்பக்கல் ஒன்றை வேண்டுமென்றே கோணல் மாணலாக வெட்டினான். நடுப்புள்ளிகளை மடித்து எடுத்தான், இணைத்தான், மூலை நாலையும் வெட்டினான். நாலையும் அரைச்சுற்று திருப்பி உள்ளே வைத்தான்.

‘மிஸ், பொருந்தேல்லை.’

வெட்டியது பிசகு என்றேன். மீண்டும் வெட்டினான். ஒரு இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, இன்னொரு இடத்தில் விரல் அகலத்துக்கு இடைவெளி. நான் வாங்கி வெட்டினேன். எனக்குப் பொருந்தியது. ‘பாத்தியா’ என்றேன். அவன் என் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘மிஸ், உங்கட நாற்பக்கல் இணைகரம்’ என்றான்.

அளந்தோம். கிட்டத்தட்ட இணைகரம்தான். பதினொரு வருடம் சமாந்தரக் கோடு கீறிய கை, ‘எந்த நாற்பக்கலும்’ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தரமும் இணைகரத்துக்குப் பக்கத்தில் ஒன்றை வெட்டியிருக்கிறது. வருடக்கணக்காக. யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மாமி அந்தப் பக்கம் மெஷினில் சட்டை தைத்துக்கொண்டிருந்தா. தலை நிமிராமல், ‘பூ போட்ட துணியில திருப்பி வெட்டினா பூ தலைகீழா நிக்கும். திருப்பாதை, தள்ளு’ என்றா. பெடியன் அதைப் பிடித்துக்கொண்டான். நாலையும் திருப்பாமல், எதிர்ப்பக்கத்துக்கு நேரே தள்ளி வைத்தான். அதுவும் பொருந்தவில்லை. ஆனால் பொருந்தாத விதம் வேறு.

பிறகு இருபது நிமிடம் ஒருத்தரும் கதைக்கவில்லை. மாமிகூட மெஷினை நிற்பாட்டிவிட்டா. எதிரெதிர் மூலைகள் இரண்டை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளி, மற்ற இரண்டை இருந்த பக்கத்திலேயே அரைச்சுற்று திருப்பினான். நாலு நுனியும் ஒரு புள்ளியில் சந்தித்தன. மட்டைக்கு மட்டை வெடிப்பில்லை.

ஏன் என்று அவனால் சொல்ல முடியவில்லை. எனக்கும் உடனே வரவில்லை. சொன்னது பக்கத்தில் இருந்த பிள்ளை, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறவள். நாற்பக்கல் ஏபிசிடி என்றால், ஏ மூலையை இணைகரத்தின் பக்கம் வழியே தள்ளுவது மூலைவிட்டம் ஏசியின் பாதித் தூரம். சி மூலையை மற்றத் திசையில் அதே தூரம். ஆகவே இரண்டு நுனியும் ஏசியின் நடுப்புள்ளிக்கு வரும். பி, டி மூலைகளைத் திருப்பினால் அவையும் அங்கேதான் வரும். நாலையும் திருப்பினால் இரண்டு நுனி ஏசியின் நடுவுக்கும் மிச்சம் இரண்டு மற்ற மூலைவிட்டம் பிடியின் நடுவுக்கும் போய் இழுபடும். நாலையும் தள்ளினாலும் அதே இழுபறி. இரண்டு நடுப்புள்ளியும் ஒன்றாக இருப்பது இணைகரத்தில் மட்டும். அதனால்தான் மிஸ்ஸின் மட்டை வருடக்கணக்காகப் பொருந்தியது.

பெடியன் ‘அப்ப மற்றச் சோடியத் தள்ளி இந்தச் சோடியத் திருப்பினாலும் வரோணும்’ என்றான். வந்தது.

தகப்பன்காரர், உங்கள் மகனிடம் நான் பிழை சொன்னேன் என்று சொல்லுங்கள். வெட்டி வீணாக்கிய கடதாசிக்கு மன்னிப்பு.

மே 19

முணுமுணுக்கிற பிள்ளை இன்று போனில் கேட்டது: அம்புத்தலை மாதிரி ஒரு மூலை உள்ளே குழிந்த நாற்பக்கல் என்றால்? நடுப்புள்ளிகளை இணைத்தால் அப்பவும் இணைகரம்தான், அப்பவும் பாதிப் பரப்புத்தான். அவளுடைய எழுத்து வழியில் கூட்டல் ஒன்று கழித்தலாகும், அவ்வளவே. ஆனால் பெடியனின் கத்தரிக்கோல் அங்கே நின்றுவிடும். இணைகரத்தின் ஒரு துண்டு உருவத்துக்கு வெளியே விழுகிறது, அங்கே வெட்ட மட்டையே இல்லை.

மே 21

உளவியலாளர் லூச்சின்ஸ் 1942 இல் செய்த தண்ணீர்ச் சாடிக் கணக்கை என் ஆறு பேருக்கும் குடுத்தேன். 21, 127, 3 அளவுச் சாடிகளால் 100 அளக்க வேண்டும். 127 இல் 21 ஐ ஒருதரமும் 3 ஐ இரண்டு தரமும் எடுத்தால் 100. இதே மாதிரி ஐந்து கணக்கு. பிறகு 23, 49, 3 தந்து 20 கேட்டேன். ஐந்து பேர் 49 இல் 23 ஐயும் இரண்டு 3 ஐயும் கழித்தார்கள். சரிதான், 20 வரும். ஆனால் 23 இல் 3 போனால் 20! கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

விழுந்த ஐந்து பேரில் எல்லாப் பாணியும் இருந்தது. கண்ணை மறைத்தது வரிசையாகக் குடுத்த ஐந்து கணக்கு. நாற்பக்கல் என்றாலே மூலைவிட்டத்தை இணைக்கிற கையை நான்தான் பழக்கினேன். இப்போது மூலைவிட்டம் தேவையில்லாத கேள்விக்கும் போடுகிறார்கள். மே 1 இல் ‘அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது’ என்று பெரிதாகக் கேட்டேனே, என் வகுப்பில் அது போன கிழமைக் கேள்வியிலிருந்து வருகிறது.

மே 25, வகுப்பு முடிந்து

பெடியன் அம்புத்தலைக்கும் வழி கொண்டுவந்தான். வெளியே விழுகிற முக்கோணியைச் சிவப்பு மட்டையில் வெட்டி ஒட்டி, ‘இது கடன்’ என்றான். உருவம் முழுவதும் வேண்டுமென்றால் கடனைத் திருப்பிக் குடுக்க வேண்டும். முணுமுணுக்கிறவள் அதை எழுதினாள்: ஒரு சோடி எதிர் மூலைகள் சேர்ந்து கால்வாசி. மற்றச் சோடியில் ஒன்று வரவு, ஒன்று கடன், கழித்தால் அதுவும் கால்வாசி. மிச்சம் பாதி.

அவள் ‘கழித்தல்’ என்று எழுதிய இடத்தில் அவன் ‘சிவப்பு’ என்கிறான். சோதனையில் அவன் அவளைப் போல எழுதப் பழக வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி இல்லை. அவளிடமும் சிவப்பு மட்டையில் ஒன்று வெட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்டினாள். கோணலாக.

மே 26

இரவு முழுக்க யோசித்தது. கற்றல் பாணித் தாளைக் கிழித்துப் போடச் சொல்லித் தொடங்கினேன். இப்போது அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். சோவியத் உளவியலாளர் வாதிம் குருதெத்ஸ்கி 1968 இல், கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பல வருடம் பார்த்து எழுதினார்: சிலர் சொல்லாலும் தர்க்கத்தாலும் போவார்கள், சிலர் உருவத்தால், சிலர் இரண்டாலும். உருவத்தை மனதில் காண்கிற திறமை கெட்டித்தனத்துக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் ஒரு பிள்ளை எந்தச் சாயலில் யோசிக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. என் சமையலறை மேசையில் நான் பார்ப்பதும் இதுதான். பாணி என்பது பிள்ளை எந்தக் கதவால் உள்ளே வரும் என்பது. பெடியன் கடதாசியால் வருகிறான், அவள் முணுமுணுப்பால், நான் மட்டக்கோலால். புதுசாக ஏதாவது நடந்தது ஒவ்வொரு தரமும் அந்தக் கதவு பூட்டியிருந்தபோது: கரண்ட் இல்லை, மட்டை பொருந்தவில்லை, வெட்ட இடமில்லை. கப்பல் சொன்ன பிள்ளைக்கு நான் கதவைத் திறந்தே வைத்து ஆறு மாதம் கெடுத்தேன்.

ஆறு பிள்ளையை வைத்துச் சொல்கிறேன், அதையும் கணக்கில் எடுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறு ஆறு பேர் வந்து என்னை மாற்றக்கூடும்.

‘மிஸ், அப்ப எங்கட பிள்ளைக்கு என்ன செய்யிறது, சுருக்கமாச் சொல்லுங்கோ’ என்று எழுதியவருக்கு: கேள்வித்தாளைத் திருப்பிக் குடுங்கள். தலைகீழாக.

ஜூன் 3

தெஹிவளைத் தகப்பன் நேற்று எழுதியிருந்தார். தாள் இன்னும் மேசையில்தான் ஒட்டியிருக்கிறதாம், ஆனால் ‘செயல்வழி’ என்ற சொல்லுக்குக் கீழே மகன் கோணல் நாற்பக்கல் ஒன்று கீறி வைத்திருக்கிறானாம். நான் சொன்ன பிழையான வெட்டையும் சரியான வெட்டையும் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறான். பிறகு தகப்பனிடம் கேட்டது: ‘நடுப்புள்ளிக்குப் பதிலா மூண்டில ஒரு பங்கில புள்ளி வைச்சா என்ன வரும்?’

அவன் தரம் 10. இந்தக் கேள்வி என் கொப்பியில் இல்லை.

நேற்றிரவு செய்து பார்த்தேன். நாற்பக்கலைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு மூலையிலிருந்தும் அடுத்த பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் பொதுவாக இணைகரம் வராது. ஆனால் ஏ மூலையிலிருந்து அதன் இரண்டு பக்கங்களிலும் மூன்றில் ஒரு பங்கு, எதிரே சி மூலையிலிருந்தும் அப்படியே என்று வைத்தால் வருகிறது. இரண்டு பக்கம் மூலைவிட்டம் பிடிக்குச் சமாந்தரம், அதில் மூன்றில் ஒன்று. மற்ற இரண்டு ஏசிக்குச் சமாந்தரம், அதில் மூன்றில் இரண்டு. சமகோண முக்கோணிகள் படித்த பிறகு எழுத வரும், அது தரம் 11 பாடம். அவன் அதுவரை பொறுப்பான் என்று நான் நினைக்கவில்லை.

பரப்பு ஒன்பதில் நாலு பங்கு வந்தது. இரண்டு தரம் கணக்குப் பார்த்தேன், மட்டையில் இன்னும் வெட்டவில்லை. என் கையை நம்ப வேண்டாம், மகனை வெட்டச் சொல்லுங்கள்.